முகப்பு யாருக்கு உரியது?
சிங்கப்பூர்க் கடைவீடுகளும் அனுமதி முறையின் வரலாறும்

வீடு கட்டுவோன் தன் கைப்பொருளைச் செலவிட்டே கட்டுகிறான். அறைகள் எத்தனை, அடுக்களை எந்தப் பக்கம் என்பனவெல்லாம் அவன் விருப்பம். ஆனால் அவ்வீட்டின் முகப்பை அவன் காண்பது அரிது. நாள்தோறும் காண்பவர்கள் எதிர்வீட்டாரும் வழிப்போக்கரும் சந்தைக்குச் செல்வோருமே ஆவர். ஆதலின், முகப்பு உடையவனுக்கு உரியதா, தெருவுக்கு உரியதா என்னும் கேள்வி நகரங்கள் தோன்றிய நாளிலேயே தோன்றியிருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் இக்கேள்வி ஏறத்தாழ 200 ஆண்டுகளாகச் சட்டத்தின் வாயிலாகவே ஆராயப்பட்டு வருகிறது.

இன்று சிராங்கூன் சாலையிலோ கெர்பாவ் சாலையிலோ பழைய கடைவீடு ஒன்றை உடையவர், அதன் மரச் சாளரத்தை நீக்கி வேறொன்று பொருத்தவோ, கூரை ஓட்டை மாற்றவோ, முகப்பில் பெயர்ப்பலகை மாட்டவோ எண்ணினால், தம் விருப்பப்படி செய்துவிட இயலாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்கு இணங்க அனுமதி பெற்ற பின்னரே வேலையைத் தொடங்கலாம். இவ்வனுமதி முறை 1989-ஆம் ஆண்டு புதிதாகத் தோன்றியது என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. அந்நகரில் வீட்டின் முகப்பு மும்முறை சட்டத்திற்குள் வந்துள்ளது: முதலில் நடப்போரின் வழிக்காக; அடுத்து நகர மக்களின் உடல்நலத்திற்காக; மூன்றாவதாகப் பழைய நகரின் நினைவுக்காக. இம்மூன்றையும் முறையே கண்டு, பின்னர்ச் சட்டத்தால் காக்க முடியாத ஒன்றையும் காண்போம்.

ஐந்தடி வழி

ஆங்கிலக் கும்பினியின் வாணிக நிலையமாகச் சிங்கப்பூர் 1819-இல் நிறுவப்பட்டது. நகரம் ஒழுங்கின்றி வளர்வதைக் கண்ட ராபிள்ஸ், 1822-இல் நகரமைப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தி, அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அதற்குக் கட்டளைகள் எழுதியளித்தார். எவ்வினத்தார் எங்கே குடியிருப்பது, தெருக்கள் எவ்வாறு அமைவது, வீடுகளை எதனால் கட்டுவது என்பனவெல்லாம் அவற்றுள் அடங்கும். தென்னிந்தியருக்குச் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக் கம்பம் ஒதுக்கப்பட்டது. அக்கட்டளைகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் தாழ்வாரம் ஒன்று இருத்தல் வேண்டும். அது தெருவின் இருமருங்கிலும் தொடர்ச்சியாகவும், மேலே கூரையுடனும், எந்நேரமும் நடப்போர்க்குத் திறந்ததாகவும் அமைதல் வேண்டும் என்பதே அது.

வெயிலும் மழையும் மாறிமாறி வரும் ஊரில் இதன் பயன் வெளிப்படை. எனினும் பயனைவிட இதிலுள்ள கொள்கையே நாம் கருதத்தக்கது. நிலம் வீட்டுக்காரருக்கு உரியது. அந்நிலத்தின் மீது நடக்கும் உரிமையோ பொதுமக்களுக்கு உரியது. வீட்டின் முன்முகத்தில் ஒரு பகுதி தெருவுக்குச் சேர்ந்தது என்று சட்டமே சொல்லிவிட்டது. இத்தாழ்வாரத்தைப் பின்னர் ஐந்தடி வழி என்றனர். மலாய் மொழியில் இது காக்கி லீமா. தமிழர் பேச்சில் அஞ்சடி. உண்மையில் அதன் அகலம் எங்கும் ஐந்தடியாகவே இருந்ததில்லை. சில தெருக்களில் கூடியும் சில தெருக்களில் குறைந்தும் உள்ளது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு இங்கே திண்ணை நினைவுக்கு வருதல் இயல்பே. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் திண்ணைக்கு முன்னால், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்புடன் தெருத் தாழ்வாரமும் உண்டு. வழிப்போக்கர் அதன் நிழலில் தங்குவர். ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. திண்ணையில் இடம் தருவது வீட்டுக்காரரின் ஈகை. அவர் விரும்பாவிடின் கம்பி அழி போட்டு அடைத்துவிடலாம். தமிழகத்துப் பல ஊர்களில் அவ்வாறே அடைத்தும் விட்டனர். ஐந்தடி வழியில் இடம் தருவது கடமை. ஈகையாக இருந்தது குன்றிப்போக, கடமையாக இருந்தது நிலைத்தது என்பதை நாம் மறுத்தற்கில்லை.

அக்கடமையும் போராட்டமின்றி நிலைத்துவிடவில்லை. கடைக்காரர்கள் தாழ்வாரத்தில் பெட்டிகளையும் மூட்டைகளையும் அடுக்கினர். நடப்போர் மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் நடுவே தெருவில் இறங்கி நடக்க நேர்ந்தது. 1887-ஆம் ஆண்டின் நகரசபைச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு நகரசபையார் தாழ்வாரங்களை ஒழிக்க முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன. நகரில் கலகம் மூண்டது. தாழ்வாரக் கலகம் என்றே வரலாற்றில் அது பெயர் பெற்றுள்ளது. முடிவில் இரு சாராரும் ஓரளவு விட்டுக்கொடுத்தனர்: சரக்கு ஓரமாக இருக்கலாம், ஆள் நடக்க வழி இருத்தல் வேண்டும் என்றாயிற்று. தேக்காவில் இன்றும் காய்கறிக் கூடைகளுக்கும் பூமாலைகளுக்கும் இடையே ஒருவர் நடக்கும் அளவுக்கு வழி விட்டிருப்பதைக் காண்போர், அந்த உடன்பாட்டைக் கண்முன்னே காண்கின்றனர் எனலாம்.

சுண்ணாம்புக் கம்பம்

முகப்பின் அமைப்பைச் சட்டம் வகுத்தது. ஆனால் அதனைப் பூசி எழுப்பிய கைகள் யாருடையவை? இதனையும் அறிதல் வேண்டும். 1819-இல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இப்புதிய ஊரில் செங்கற் சூளை வைத்துக் கட்டட வேலையில் இறங்கினார். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலோடு அவர் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகிறது. 1825 முதல் இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் வந்த கைதிகள் சாலைகளையும் அரசாங்கக் கட்டடங்களையும் அமைத்தனர். 1873 வரை இம்முறை நீடித்தது. சிராங்கூன் சாலையோரம் அவர்கள் செங்கல் அறுத்துச் சூளையிட்டனர். அதே சாலையில் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அதனால் தமிழர் அப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று முதியோர் கூறுவதுண்டு.

1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு, சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு எனப் புகழ்பெற்றது. கைதிகளின் வேலைகளை மேற்பார்த்த மெக்நேர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1899-இல் வெளியிட்ட நூலில் அதன் பக்குவத்தை எழுதி வைத்துள்ளார். கிளிஞ்சற் சுண்ணாம்புடன், முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் நன்கு அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்தனர். பூசிய பின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. கடல் கடந்து சென்றது ஆள் மட்டுமன்று, கைப்பக்குவமும் சென்றது.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசி, காற்றுப் புகாத வண்ணத்தையும் அடித்தால், ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். பழைய கடைவீட்டின் முகப்பில் எதைப் பூசலாம், எதைப் பூசலாகாது என்று இன்று அனுமதி வழங்குவோர் கேட்பது வீண் பிடிவாதமன்று. கொத்தனார்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததே அது.

வரைபடமும் பின்சந்தும்

முகப்பு இரண்டாம் முறையாகச் சட்டத்திற்குள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். புதுவீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் நகரசபைக்கு வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறும் முறை வேரூன்றியது. 1884 முதலான இவ்வரைபடங்கள் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மெல்லிய துணித்தாளில் நீலமும் சிவப்புமாகத் தீட்டிய அவ்வரைபடங்களை அன்று கேட்டு வாங்கியவர்கள் வரலாற்றுக்காக வாங்கவில்லை. சுவரின் கனம் போதுமா, கழிவுநீர் எங்கே செல்கிறது, தாழ்வாரம் விட்டிருக்கிறதா என்பவையே அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஆயினும் இன்று பழைய முகப்பை மீட்டெடுக்க முனைவோர்க்கு அவை கிடைத்தற்கரிய சான்றாகின்றன.

கடைவீடு குறுகியது, நீண்டது. அகலம் பெரும்பாலும் 16 முதல் 20 அடி. குறுக்கே போடும் மர உத்திரத்தின் நீளமே அதற்கு எல்லை. இருபுறமும் பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவர். வெளிச்சம் நடுவில் உள்ள வானவெளி முற்றத்தின் வழியாக மட்டுமே வரும். இத்தகைய வீட்டைத் தட்டிகளால் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டபோது, அறைகளுள் காற்றும் ஒளியும் அற்றன, காசநோய் பரவியது. 1907-இல் சிம்சன் என்னும் மருத்துவ அறிஞர் அளித்த அறிக்கை இந்நிலையை எடுத்துக்காட்டி, வீடுகளின் பின்புறத்தில் சந்துகள் வெட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது. 1927-இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அவ்வேலையை மேற்கொண்டது. இன்று தெருவுக்கு அழகிய முகத்தையும் பின்சந்துக்கு எளிய சுவரையும் காட்டி நிற்கும் வரிசை வீடுகள் பலவற்றின் உருவம் அக்காலத்தில் உறுதியானதே.

இடிப்பும் இழப்பும்

போருக்குப்பின் நிலை வேறாயிற்று. வீட்டுப் பஞ்சத்தைக் கருதி 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்குமுன் கட்டிய வீடுகளின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த இயலாது. குடியிருந்த ஏழைகளுக்கும் சிறு வணிகருக்கும் அது பெரும் அரண். ஆனால் வாடகை போதாத உரிமையாளர் ஓட்டை மாற்றவில்லை, சுவரைப் பூசவில்லை. மக்கள் தங்கினர், வீடுகள் சிதைந்தன.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. நகரின் நடுப்பகுதியைப் புதுக்கும் பணிக்காக 1974-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. நெருக்கடியும் நோயும் நிறைந்த வீடுகளில் வாழ்ந்தோர்க்கு இவை நன்மையே செய்தன; அதனை மறைத்தல் தகாது. எனினும் இடிக்க வேண்டியவற்றோடு இடிக்க வேண்டாதனவும் சென்றன. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் தமிழர் வாணிக வரலாற்றின் தலைவாயில்கள். நீண்ட கூடத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சிறு மேசையும் பெட்டகமும் வைத்து அமர்ந்து, பகலில் தொழிலும் இரவில் படுக்கையும் அங்கேயே கொண்டிருந்தனர். வங்கிக் கட்டடங்களுக்கு இடம் விட்டு அவை மறைந்தன. இன்று படங்களிலும் முதியோர் நினைவிலும் மட்டுமே அவற்றைக் காணலாம். அன்று முகப்பைக் காக்கும் சட்டம் இருந்திருப்பின், ஒரு கிட்டங்கியேனும் எஞ்சியிருக்கக்கூடும்.

1989-ஆம் ஆண்டின் திருப்பம்

தனித்தனிக் கட்டடங்களைக் காக்கும் முயற்சி சற்று முன்னரே தொடங்கிவிட்டது. 1971-இல் நினைவுச்சின்னப் பாதுகாப்பு வாரியம் நிறுவப்பட்டது. 1973-இல் முதன்முறையாக எட்டுக் கட்டடங்கள் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மாரியம்மன் கோயிலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவ்வெட்டனுள் அடங்கும். ஆனால் கோயிலைக் காத்துக் கோயிலைச் சூழ்ந்த தெருவை இழந்தால், எஞ்சுவது ஊரன்று. இவ்வெண்ணம் வலுப்பெற, 1986-இல் பழைய வட்டாரங்களையே முழுமையாகக் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை அரசாங்கமே முன்மாதிரியாகப் புதுப்பித்துக் காட்டியது. 1989 ஜூலை 7-ஆம் நாள் பத்து வட்டாரங்கள் பாதுகாப்பு வட்டாரங்களாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. 3,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவற்றுள் அடங்கின. லிட்டில் இந்தியா அப்பத்தனுள் ஒன்று. அக்காலத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் திரு. சு. தனபாலன் என்பது தமிழர்க்கு நினைவிருக்கத்தக்க செய்தி. இன்று 100-க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ 7,200 கட்டடங்கள் இப்பாதுகாப்பைப் பெற்றுள்ளன.

இத்தகைய சட்டம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய வட்டாரம் ஒன்றை வரையறுத்து, அங்குள்ள வீடுகளின் வெளித்தோற்றத்தை மாற்றுவோர் ஒரு குழுவின் ஒப்புதலைப் பெறல் வேண்டும் என்று விதித்தது. அந்நாட்டின் பிற நகரங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. சார்ல்ஸ்டன் காக்க முனைந்தது பெரும்பாலும் செல்வர் குடியிருப்புகளை. சிங்கப்பூரோ கீழே கடையும் மேலே குடியுமாக வாழ்ந்த சிறு வணிகரின் தெருக்களைக் காக்க முனைந்தது. அதனால்தான், கீழே நாம் காணப்போகும் சிக்கல் அங்கினும் இங்கே கூர்மையாக எழுகிறது.

அனுமதி வழங்கும் முறை

ஆணையத்தின் விதிகள் மூன்று கொள்கைகளின் மேல் நிற்கின்றன. இருப்பதை இயன்றவரை அப்படியே வைத்துக்கொள்ளுதல் முதலாவது. சிதைந்ததை அதன் இயல்பறிந்து மீட்டல் இரண்டாவது. பழுதானதைக் கருத்துடன் செப்பனிடுதல் மூன்றாவது. புதிதாக மாற்றுவது கடைசி வழி. கூரை, பொதுச்சுவர், மர உத்திரம், வானவெளி முற்றம், பின்முற்றம், சாளரம், படிக்கட்டு, முகப்பு என்பன கடைவீட்டின் முதன்மை உறுப்புகளாக எண்ணப்படுகின்றன.

எல்லா வட்டாரங்களுக்கும் விதி ஒரே அளவினதன்று. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகிய வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காத்தல் வேண்டும். எமரால்டு ஹில், பிளேர் பிளேன் போன்ற குடியிருப்பு வட்டாரங்களிலும், சூ சியாட் போன்ற பிற்காலக் குடியேற்றப் பகுதிகளிலும், முன்கட்டை அப்படியே காத்து, பின்புறத்தில் குறிப்பிட்ட உயரம் வரை புதுக்கட்டு எழுப்பிக்கொள்ள இடமுண்டு. தெரு காண்பது முன்கட்டை. குடும்பம் பெருகினால் வேண்டுவது பின்கட்டு. இரண்டிற்கும் வழி செய்திருப்பது அறிவுடைமையே.

உரிமையாளர் செய்ய வேண்டியது யாது? பெருவேலையாயின், பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் ஒருவரைக் கொண்டு, இப்போதுள்ள நிலையையும் செய்யக் கருதும் மாற்றத்தையும் அளந்து வரைந்து விண்ணப்பித்தல் வேண்டும். சிறு வேலைகளுக்கு எளிய முறைகளும் உள. கூரைக்கு மெருகிடாத இயற்கை நிறக் களிமண் ஓடு. மேல்மாடிக்கு மரச் சாளரம். முகப்பில் பழைய பூவோடுகள் பதித்திருந்தால் அவற்றின்மேல் வண்ணம் அடித்தலாகாது. குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி தெருவை நோக்கித் தொங்கலாகாது. பெயர்ப்பலகை தூணின் வேலைப்பாட்டையும் சுதைச் சிற்பத்தையும் மறைத்தலாகாது. ஐந்தடி வழி தடையின்றி இருத்தல் வேண்டும். 1822-இல் எழுதிய கட்டளை இன்றும் இவ்விதிகளுள் உயிரோடு இருப்பதைக் காண்க.

உரிமையாளரின் குறையையும் நாம் கேட்டல் வேண்டும். மரச் சாளரம் செய்யும் தச்சர் அரியர். களிமண் ஓடும் சுண்ணாம்பு வேலையும் விலை மிக்கன. செலவு பெரும்பாலும் அவருடையதே. பயன் தெருவுக்கு, செலவு தமக்கா என்று அவர் கேட்டால், அது நேர்மையான கேள்விதான். இதற்கு ஈடாகக் காக்கப்பட்ட கட்டடங்களுக்கு வளர்ச்சிக் கட்டணம் முதலிய சில வரிச்சுமைகளை அரசாங்கம் தள்ளி வைத்தது. 1995 முதல் சிறந்த மீட்புப் பணிகளுக்கு விருதும் வழங்கப்படுகிறது. நன்கு மீட்ட கடைவீட்டின் விலைமதிப்பும் ஏறிவிட்டது. உடையவர்க்கு நட்டமில்லை என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று.

எது பழைய முகப்பு?

காப்பது என்று முடிவு செய்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எந்தக் காலத்து முகப்பைக் காப்பது? கெர்பாவ் சாலையில் 1900-இல் தான் டெங் நியா என்னும் சீன வணிகர் கட்டிய மாளிகை, லிட்டில் இந்தியாவில் எஞ்சிய ஒரே பழைய சீன மாளிகை எனப்படுகிறது. இன்று அது வானவில் போலப் பல வண்ணங்களில் ஒளிர்கிறது. பயணிகள் அதன்முன் நின்று படம் எடுக்கின்றனர். அதுவே பழைய சிங்கப்பூர் என்றும் எண்ணுகின்றனர். ஆனால் அவ்வண்ணக் கோலம் 1980-களில் நடந்த புதுப்பிப்புக்குப் பின் வந்தது. பழைய கடைவீடுகளின் முகப்பில் வெண்மையும், காவியும், நீலமும், வெளிறிய சாயல்களுமே பெரிதும் விளங்கின. சுண்ணாம்பில் கலக்கக்கூடிய நிறங்கள் அவையே அல்லவா?

டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலின் செய்தி இதனினும் நுட்பமானது. பழைய கட்டடம் நீக்கப்பட்டுப் புதிதாக எழுந்த கோயிலுக்கு 1983-இல் குடமுழுக்கு நடந்தது. அக்கோயில் 2014-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்லும் காரையும் புதியன. வழிபாடும் தைப்பூச ஊர்வலமும் பழையன. பழமை சுவரில் மட்டும் இல்லை, அதில் நடைபெறும் வாழ்விலும் உள்ளது என்பதை அவ்வறிவிப்பு ஒப்புக்கொண்டது எனலாம்.

வண்ணம் பூசுதலும் ஒரு மாற்றமே என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2024-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் காக்கப்பட்ட கடைவீடு ஒன்றின் சுவரில், சம்சுய் பெண் ஒருத்தி சிகரெட்டுடன் அமர்ந்திருக்கும் பெரிய ஓவியம் தீட்டப்பட்டது. அப்பெண்கள் சீனத்திலிருந்து வந்து கட்டட வேலையில் உழைத்தவர்கள். முன்கூட்டி அனுமதி பெறாமையால் ஆணையம் தலையிட்டது. சிகரெட்டை நீக்க வேண்டுமா என்று ஊரே வாதிட்டது. முடிவில் ஓவியத்தை மாற்ற வேண்டியதில்லை என்றாயிற்று. அனுமதியின்றித் தொடங்கியதற்கு உரிமையாளருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. சுவர் ஒருவருடையது, சுவரைப் பற்றிப் பேசும் உரிமை எல்லோருடையது என்பது அன்று மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

சுவரும் சொல்லும்

இனிச் சட்டத்தால் காக்க முடியாததைக் காண்போம். வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 2001-இல் முற்றும் நீங்கியது. மீட்கப்பட்ட கடைவீட்டுக்குச் சந்தை வாடகை வந்தது. சிறு இலாபத்தில் வாழ்ந்த தொழில்கள் அவ்வாடகையைத் தாங்க மாட்டா. மாவு அரைப்போர், பாத்திரம் செப்பனிடுவோர், கிளி சோதிடர் போன்றோர் இருந்த இடங்களில் உணவகமும் விடுதியும் நினைவுப்பொருள் கடையும் புகுந்தன. பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே 2000-இன் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இவ்விரண்டிற்கும் இடையில் பழைய குடிகள் பலர் வெளியேறினர். முகப்பை மாற்ற அனுமதி வேண்டும். முகப்புக்குப் பின்னே வாழும் ஆளை மாற்ற அனுமதி வேண்டியதில்லை. இதுவே இச்சட்டத்தின் எல்லை.

இவ்வெல்லைக்கு அப்பால் உள்ளதைச் சட்டத்திடம் எதிர்பார்ப்பது வீண். அது மக்களின் கையில், சிறப்பாகத் தமிழ் கற்பிப்போர் கையில் உள்ளது. சான்று ஒன்று கூறுவேன். 1980-களின் தொடக்கத்தில் தேக்காப் பழஞ்சந்தை நீங்கி, சிராங்கூன் சாலையில் புதிய சந்தைக் கட்டடம் எழுந்தது. அதற்குச் சீன உச்சரிப்பை ஒட்டி சூஜியாவ் நிலையம் என்று பெயர் சூட்டினர். தேக்கா என்பதும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல்லே. மூங்கிலடி என்பது அதன் கருத்து. ஆனால் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் தேக்கா என்றே தொடர்ந்து வழங்கினர். 2000-இல் பலகை மாறியது. தேக்கா நிலையம் என்பதே பெயராயிற்று. பழைய கட்டடம் போயிற்று. பழைய பெயர் திரும்பி வந்தது. எந்த வரைபடமும் விண்ணப்பமும் இன்றி, மக்கள் நாவே அதனைக் காத்தது.

இதற்கு மாறான நிலையும் நமக்குத் தெரிந்ததே. காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தில் எவ்வெத் தொழிலினர் எத்தெருக்களில் இருந்தனர், பல நாட்டு வணிகர் எவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதைச் சிலப்பதிகாரம் விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறது. அத்தெருக்களின் ஒரு முகப்பும் இன்று இல்லை. சொல் மட்டுமே எஞ்சி அந்நகரை நமக்குக் காட்டுகிறது. சிங்கப்பூரிலோ சுவர்கள் எஞ்சியுள்ளன, சொற்கள் நழுவுகின்றன. சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் இளையோருள் எத்தனை பேருக்குத் தெரியும்? கிட்டங்கி என்றால் என்ன என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்குக் கட்டடமும் இல்லை. லிட்டில் இந்தியா என்ற பெயரோ 1980-களில் சுற்றுலாவை ஒட்டிப் பரவியது; அதற்கு முன் அங்கு வாழ்ந்தோர்க்கு அது தேக்கா, அல்லது சிராங்கூன் சாலை.

பெயர்ப்பலகையின் இடத்தையும் அளவையும் விதி வரையறுக்கிறது. அதில் தமிழ் எழுத்து இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கவில்லை. அது கடைக்காரரின் விருப்பம். வாங்குவோர் தமிழில் கேட்டால் அவர் தமிழில் எழுதுவார். ஆதலின் பாதுகாக்கப்பட்ட அத்தெருக்களில் தமிழ் முகம் நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் நம்மைப் பொறுத்தது.

ஆசிரியப் பெருமக்கள் 2015-இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்கு மாணவரை அழைத்துச் செல்கின்றனர், நன்று. அதனோடு நில்லாமல், வெளியே வந்து டன்லப் ஸ்திரீட்டிலும் கெர்பாவ் சாலையிலும் அவர்களை நடத்திச் செல்லலாம். சாளரம், சுதை, பூவோடு, உத்திரம், வானவெளி, அஞ்சடி என்று ஒவ்வொன்றையும் தமிழில் பெயர் சொல்லிக் காட்டலாம். முதிய கடைக்காரரிடம் பழைய தெருப்பெயர்களைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். இதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். சுவரைக் காக்க ஆணையம் இருக்கிறது. சொல்லைக் காக்க நம்மையன்றி வேறு யாரும் இல்லை.